ஈரலுக்கு ஒரு கோப்பு

எனக்கு ஹெபடைடிஸ் சி இருந்தது என்று முன்பு ஒரு பதிவில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். அதை விவரமாக எழுதச் சொல்லி மூன்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். கேட்டவர்களில் ஒருவருக்கும் அதே நோய். வயது 70 தாண்டியவர். "டாக்டர் மாத்திரை சாப்பிடச் சொல்கிறார். இந்த வயதில் எதற்கு என்று தோன்றுகிறது" என்றார்.

நானும் அந்த யோசனையைச் செய்தவன்தான். அதுவும் இரண்டு தடவை. 2009-இல் சிகிச்சை வேண்டாம் என்று முடிவு செய்தேன். 2016-இல் வேண்டும் என்று முடிவு செய்தேன். இரண்டுமே சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அது எப்படி என்பதைச் சொல்கிறேன்.

புதுச்சேரியில் ஈரல் நோய் என்று வாயைத் திறந்து சொல்வதே பெரிய பாடு. வெளியூர்க்காரர்கள் நம் ஊருக்கு எதற்கு வருகிறார்கள் என்பது தெரிந்ததுதானே. "ஈரல் கொஞ்சம் சரியில்லை" என்றால், எதிரில் இருப்பவர் உடனே அனுதாபத்தோடு, "எத்தனை வருஷப் பழக்கம்?" என்பார். நான் வாழ்நாளில் ஒரு கிளாஸ் வைன் கூடத் தொட்டதில்லை. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்றால் அதையும் யாரும் நம்புவதில்லை.

பள்ளி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. திக்தே, அதாவது சொல்வதெழுதுதல் வகுப்பில், எங்கள் வாத்தியார் 'ஃபுவா' என்ற சொல்லை வைத்து எங்களைப் படுத்துவார். நம்பிக்கைக்கும் ஃபுவா, தடவைக்கும் ஃபுவா, ஈரலுக்கும் ஃபுவா. உச்சரிப்பு ஒன்று, எழுத்து மட்டும் வேறு. பிரெஞ்சுக்காரர்களுக்கு ஈரல் மேல் ஒரு தனிச் சந்தேகம் உண்டு. விருந்தில் அதிகம் சாப்பிட்டுவிட்டு வயிறு கலங்கினால், 'கிரீஸ் த ஃபுவா' என்று பழியை ஈரல் மேல் போடுவார்கள். உண்மையில் ஈரல் அப்படிச் சத்தம் போடும் உறுப்பே அல்ல. பாதிக்குமேல் கெட்டாலும் வாயைத் திறக்காது. என் கதையும் அதுதான்.

1986-இல் எனக்கு வயிற்றுப்புண் ஓட்டை விழுந்து அவசரமாக அறுவை செய்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பது இப்போது வேண்டாம். மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றித்தான் பிழைத்தேன். அந்த ரத்தத்தில் இந்தக் கிருமி இருக்கிறதா என்று பார்க்க அன்றைக்கு உலகத்தில் எங்குமே பரிசோதனை கிடையாது. கிருமிக்குப் பெயரே வைக்கவில்லை. ஏ வகையும் இல்லை, பி வகையும் இல்லை என்பதால் 'நான்-ஏ நான்-பி' என்று சொல்லிவந்தார்கள். எங்கள் அலுவலகப் பதிவேட்டில் எந்தத் தலைப்பிலும் சேராததை 'இதர' என்று எழுதுவோமே, அந்த மாதிரி. 1989-இல்தான் கிருமியை அடையாளம் கண்டார்கள். அந்த வேலைக்காக ஆல்ட்டர், ஹவ்டன், ரைஸ் என்ற மூவருக்கு 2020-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நம் நாட்டு ரத்த வங்கிகளில் இந்தப் பரிசோதனை கட்டாயமானது 2000-க்குப் பிறகுதான்.

ஓய்வு பெற்ற மறுவருடம், 2009-இல், கண்புரை அறுவைக்குப் போனேன். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் 'ஹெச்.சி.வி. பாசிட்டிவ்' என்று வந்தது. அந்தக் கண் ஆஸ்பத்திரியில் என்னைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளினார்கள். ஏன் என்று கேட்டதற்கு ஒருவரும் நேராகப் பதில் சொல்லவில்லை. கண்ணை விட்டுவிட்டு ஈரல் டாக்டரைத் தேடிப் போனேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். இந்தக் கிருமி நுழைந்தவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்குச் சில மாதங்களில் தானாகவே போய்விடும். மீதிப் பேருக்கு உள்ளேயே தங்கிவிடும். தங்கியவர்களில் 15 முதல் 30 சதவீதம் பேருக்கு 20 வருடத்துக்குள் ஈரல் தழும்பேறிச் சுருங்கிவிடும். அதைத்தான் சிரோசிஸ் என்கிறார்கள். சிலருக்கு அது புற்றுநோயிலும் முடியும். எனக்குக் கிருமி நுழைந்து அப்போது 23 வருடம். ஈரலில் ஊசி போட்டு நூலளவு சதை எடுத்துச் சோதித்ததில், தழும்பு முதல் கட்டத்தில்தான் இருந்தது. கடைசிக் கட்டம் நான்கு.

அன்றைக்கு இருந்த சிகிச்சை இன்டர்ஃபெரான் ஊசி. வாரம் ஒன்று, கூடவே தினமும் ரிபாவிரின் மாத்திரை. என் உடம்பில் இருந்தது கிருமியின் முதல் வகை என்பதால் 48 வாரம் போட வேண்டும். அவ்வளவும் போட்டாலும் குணமாகும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி. காய்ச்சல், உடம்பு வலி, ரத்தம் குறைவது, முடி கொட்டுவது, மனச்சோர்வு எல்லாம் வரலாம். செலவு சில லட்சங்கள்.

இந்த ஊசியை நான் காதால் மட்டும் கேட்டவன் அல்ல. என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். நம் ஊர் பாஷையில் சொல்தா. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, பாரிஸுக்குப் பக்கத்தில் சார்செல்லில் குடியிருக்கிறார். அவருக்கும் இதே நோய். 2003-இல் அங்கே இந்த ஊசியைப் போட்டுக்கொண்டார். வாரா வாரம் ஃபோனில் சிரித்துப் பேசுகிற மனிதர், மூன்றாவது மாதத்திலிருந்து ஃபோனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். அண்ணிதான் எடுப்பார். "ராத்திரி எல்லாம் உக்காந்து அழுவுறாருப்பா" என்பார். ஐந்தாவது மாதம் டாக்டர்களே ஊசியை நிறுத்திவிட்டார்கள். கிருமி போகவில்லை.

நான் 35 வருடம் குமாஸ்தாவாக இருந்தவன். எந்த விஷயமானாலும் ஒரு முழுத்தாளை எடுத்து நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் சாதகம், அந்தப் பக்கம் பாதகம் என்று எழுதினால்தான் எனக்குப் புத்தி ஓடும். அப்படியே எழுதினேன். ஒரு வருடக் கஷ்டம், பாதி வாய்ப்பு, கையில் இருக்கும் ஓய்வூதியப் பணம், ஏற்கெனவே உள்ள சர்க்கரை. எல்லாம் ஒரு பக்கம் சேர்ந்தன. எதிர்ப்பக்கம், ஈரல் இன்னும் முதல் கட்டத்தில்தான் இருக்கிறது என்ற ஒரே வரி அந்த அவசரத்தைக் குறைத்தது. தாளை டாக்டரிடம் காட்டினேன். சிரித்தார். "காத்திருக்கலாம். ஆனால் வருடம் ஒரு முறை வந்து காட்ட வேண்டும்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் முக்கியம். அலுவலகத்தில் ஒரு மனு தள்ளுபடியானால் அந்தக் கோப்பு மூடப்படும். சில மனுக்களில் மட்டும், இன்ன தேதிக்குப் பிறகு மறுபடி வைக்கவும் என்று அதிகாரி குறிப்பு எழுதுவார். அது நிலுவைக் கோப்பு. என் ஈரலின் கோப்பும் நிலுவையில்தான் இருந்தது. வருடா வருடம் ரத்தம், ஸ்கேன் என்று போய்வந்தேன்.

வீட்டில் சில ஏற்பாடுகள் செய்துகொண்டேன். இந்தக் கிருமி ரத்தத்தின் வழியாகப் பரவுவது. ஒரே தட்டில் சாப்பிட்டாலோ, கட்டிக்கொண்டாலோ, இருமினாலோ ஒட்டாது. ஆனாலும் சவர பிளேடு, நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ் மூன்றையும் தனியாக வைத்துக்கொண்டேன். முடித்திருத்தும் கடைக்குப் போனால் சவரம் வேண்டாம் என்பேன். பேத்தி மடியில் ஏறும்போது என் கையில் சின்னக் கீறல் இருந்தால் கூட துணியால் சுற்றிக்கொள்வேன். "தாத்தா எப்பப் பாத்தாலும் கட்டுப் போட்டிருக்காரு" என்று அது ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது.

2014-இல் எங்கள் செக்ஷனில் என்னோடு பணிபுரிந்த ஒருவருக்கு வயிறு வீங்க ஆரம்பித்தது. அவருக்கும் சி வகைதான். ரத்த வாந்தி எடுத்த அன்றைக்குத்தான் அவருக்கே தெரியும். பிறகு பத்து நாளைக்கு ஒரு தடவை ஊசி குத்தி வயிற்று நீரை எடுத்தார்கள். கடைசி மாதங்களில் நேரம், இடம், ஆள் எல்லாம் குழம்பின. ஈரல் கழிக்க வேண்டியதைக் கழிக்காவிட்டால் மூளை மந்தமாகிவிடும் என்றார்கள். என்னைப் பார்த்து, ஒரு பழைய அதிகாரியின் பெயரைச் சொல்லி, "சார், ஃபைல் ரெடி" என்றார். அவருடைய மனைவிக்கு அப்போது 60 வயது இருக்கும். அந்த உடம்பைப் புரட்டிப் போட்டு, துடைத்து, தூக்கி உட்காரவைத்து, அந்த அம்மாளே பாதியாகிவிட்டார். அன்றைக்கு என் மனைவியும் என்னோடு வந்திருந்தாள். திரும்பும்போது வழி முழுக்க ஒன்றும் பேசவில்லை.

2016 ஜனவரியில் டாக்டர் என்னைச் சென்னைக்கு அனுப்பி ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஊசி கிடையாது. விலாப் பக்கம் ஒரு கருவியை வைத்து டொக் டொக் என்று தட்டி, ஈரல் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று அளக்கிறார்கள். எனக்கு 10.8 வந்தது. மூன்றாம் கட்டம். ஏழு வருடத்தில் இரண்டு படி ஏறியிருந்தது. உடம்பில் ஒரு வலி இல்லை, பசி குறையவில்லை, காலையில் கடற்கரையில் நடந்துகொண்டுதான் இருந்தேன்.

டாக்டர், "இப்போது ஊசி தேவையில்லை ஐயா. மாத்திரை வந்துவிட்டது. தினமும் இரண்டு, 12 வாரம். 100-க்கு 95 பேருக்கு மேல் குணம்" என்றார். சோஃபோஸ்புவிர், டக்ளாட்டஸ்விர் என்று இரண்டு பெயர் எழுதினார். முதல் மாத்திரைக்கு அமெரிக்காவில் 2013 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. அங்கே 12 வாரத்துக்கு விலை 84,000 டாலர். மாத்திரை ஒன்று 1,000 டாலர். பிரான்ஸ் அரசு பேரம் பேசி 41,000 யூரோவுக்கு இறக்கியது. அந்த விலையிலும் அங்கே முதலில் ஈரல் மோசமானவர்களுக்கு மட்டுமே கொடுத்தார்கள். ஆனால் 2014-இல் அந்தக் கம்பெனி இந்திய மருந்துக் கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்துவிட்டது. 2015-இல் நம் நாட்டுத் தயாரிப்புகள் கடைக்கு வந்தன. எனக்கு மூன்று மாதத்துக்கும் சேர்த்து ஒரு லட்சத்துக்குள்ளேயே முடிந்தது.

சார்செல் அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். அவர் ஈரல் மோசமாக இருந்ததால் முந்தின வருடமே மாத்திரை கிடைத்துக் குணமாகியிருந்தார். "எப்படி இருந்துது?" என்றேன். "ஸே ரியான், தம்பி" என்றார். ஒன்றுமே இல்லையாம். இரண்டு வாரம் லேசான தலைவலி, அவ்வளவுதான். "அந்த ஊசியையும் இதையும் ஒரே பேச்சில் பேசாதே" என்றார்.

அப்படியும் எனக்கு உடனே மனம் வரவில்லை. மறுபடி முழுத்தாள், நடுவில் கோடு. பாதகப் பக்கத்தில் நான்கு வரி எழுதினேன்.

முதல் வரி, வயது 68. இனிமேல் எத்தனை வருஷம்? இரண்டாவது, உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, சும்மா கிடப்பதை ஏன் கிளற வேண்டும்? மூன்றாவது, ஏற்கெனவே தினம் ஐந்து மாத்திரை, அதோடு இவையும் சேர்ந்தால் என்ன ஆகும்? நான்காவது, கீழாநெல்லி. என் மைத்துனர் தினமும் காலையில் அரைத்து மோரில் கலக்கிக் கொடுக்கத் தயாராக இருந்தார்.

நான்காவதை முதலில் தீர்த்தேன். கீழாநெல்லி நம் பாட்டிமார் மஞ்சள் காமாலைக்குக் கொடுத்தது. அதை யாரும் கேலி செய்ய முடியாது. ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய ப்ளம்பெர்க் என்ற அமெரிக்கரே, சென்னை ஆய்வாளர்களோடு சேர்ந்து 1988-இல் கீழாநெல்லி பற்றிய ஆய்வை வெளியிட்டார். ஆனால் அது பி கிருமிக்கு. அதிலும் பின்னால் வந்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதியாகவில்லை. சி கிருமி அதனால் ஒழியும் என்று எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை. மைத்துனரிடம், "மோர் மட்டும் கொடுங்க, போதும்" என்றேன்.

மூன்றாவது வரிக்கு டாக்டர் பதில் சொன்னார். வீட்டில் நான் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்து இருந்தால் அதையும், ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். இதயத்துடிப்புக்குக் கொடுக்கும் அமியோடரோன் இருந்தால் சோஃபோஸ்புவிரோடு சேர்க்கக் கூடாது, துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையும் என்றார். வலிப்புக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் ஆகாது. எனக்கு அவை இல்லை. கிருமி குறையக் குறைய சர்க்கரையும் இறங்கலாம், அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பி கிருமி ஒளிந்திருந்தால் இந்த மருந்தால் அது தலைதூக்கும் என்பதால் அதற்கும் ரத்தம் எடுத்தார். இல்லை என்று வந்தது.

இரண்டாவது வரிக்கு 10.8 என்ற அந்த எண்ணே பதில். சும்மா கிடக்கவில்லை, சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது.

முதல் வரிதான் மிஞ்சியது. அதற்குப் பதில் சொன்னது என் மனைவி. தாளை வாங்கிப் படித்தாள். அவளுக்கு அப்போதே இரண்டு முழங்காலும் தேய்ந்து, மாடிப்படி ஏற முடியாது. "ஏங்க, எத்தனை வருஷம்னு எழுதியிருக்கீங்க. அது நம்ம கையில இல்ல. அன்னைக்கு அந்த வீட்டுல பாத்தோமே, அந்தம்மா மாதிரி உங்களத் தூக்கி உக்கார வெக்க என்னால முடியுமா? அத எழுதுங்க முதல்ல" என்றாள்.

சாதகப் பக்கத்தில் அதை எழுதினேன். எழுதின பிறகு மறுபக்கத்து முதல் வரி தானாகவே பலம் இழந்துவிட்டது. நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி, எத்தனை வருஷம் கூடும் என்பது. அவள் கேட்டது, இருக்கும் வருஷம் எப்படிப் போகும், யார் தோளில் போகும் என்பது. வயதானவர்களுக்கு இரண்டாவது கேள்விதான் பொருத்தம் என்று எனக்குப் பட்டது. 2009-இல் அதே கேள்விக்குச் சிகிச்சைதான் பாரமாக இருந்தது. 2016-இல் நோய்தான் பாரம். நோய் அதே நோய், ஆள் அதே ஆள். மருந்து மாறிவிட்டது. மருந்து மாறிய பிறகும், ஊசி காலத்துப் பயத்தை வைத்துக்கொண்டு மாத்திரைக்கு முடிவெடுப்பது நியாயம் இல்லை.

மார்ச் மாதம் ஆரம்பித்தேன். காலைச் சிற்றுண்டிக்குப் பிறகு இரண்டு மாத்திரை. நாள்காட்டியில் தினமும் ஒரு கோடு. 84 கோடு. முதல் பத்து நாள் கொஞ்சம் அசதி, பிறகு அதுவும் இல்லை. ஒரு வேளை கூட விடவில்லை. மாத்திரை முடிந்ததும் குணம் என்று சொல்லிவிட மாட்டார்கள். இன்னும் 12 வாரம் கழித்து ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்போதும் இல்லை என்றால்தான் குணம். அந்தப் 12 வாரம்தான் எனக்கு மாத்திரையை விடக் கடினமாக இருந்தது. ஆகஸ்ட் கடைசியில் முடிவு வந்தது. 'நாட் டிடெக்டட்' என்று இரண்டு வார்த்தை. பேத்தி மடியில் ஏறும்போது துணி சுற்றுவதை அன்றோடு விட்டேன்.

இதில் சில விஷயங்களைப் படிப்பவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

குணமான பிறகும் 'ஆன்டிபாடி' பரிசோதனை பாசிட்டிவ் என்றுதான் காட்டும். கிருமி வந்துபோனதற்கான தழும்பு அது. 2021-இல் எனது இன்னொரு கண்ணுக்கு அறுவை செய்தபோது அதே பாசிட்டிவ் வந்து மறுபடி முகத்தைச் சுளித்தார்கள். நான் லேமினேட் செய்து வைத்திருந்த 2016-ஆம் வருட அறிக்கையை எடுத்து மேஜையில் வைத்தேன். பேச்சு நின்றது. உங்கள் அறிக்கையையும் பத்திரமாக வையுங்கள்.

குணமானாலும் மறுபடி தொற்ற வாய்ப்பு உண்டு. சி வகைக்குத் தடுப்பூசி கிடையாது. ஈரலில் ஏற்கெனவே ஏறிய தழும்பு முழுக்கப் போய்விடும் என்றும் சொல்ல முடியாது. மூன்றாம் கட்டம் வரை போனவன் என்பதால் நான் இன்றும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் எடுக்கிறேன்.

2018 ஜூலை 28, உலக ஹெபடைடிஸ் தினத்தன்று, மத்திய அரசு தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அதன்படி அரசு சிகிச்சை மையங்களில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். நான் கொடுத்த பணத்தை நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை.

நம் வயதுக்காரர்கள் எல்லாருமே கண்ணாடி சிரிஞ்சை வெந்நீரில் போட்டு எடுத்து, ஒரே ஊசியில் வரிசையாகக் குத்திக்கொண்டவர்கள். ஒரே சவரக்கத்தியில் தெருவே மழித்துக்கொண்ட காலம் அது. 2000-க்கு முன்னால் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களும், டயாலிசிஸ் செய்துகொண்டவர்களும், பச்சை குத்திக்கொண்டவர்களும் ஒரே ஒரு தடவை இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்வது நல்லது.

இருக்கிறது என்று வந்தால் டாக்டரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். தழும்பு எந்தக் கட்டம்? பி கிருமியும் இருக்கிறதா? நான் சாப்பிடும் மற்ற மாத்திரைகளோடு இது ஒத்துப்போகுமா? சிகிச்சை எடுக்காமல் இருந்தால் ஐந்து வருடத்தில் என் ஈரல் எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பதில்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். வந்து, உங்களைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் யாரோ, அவரிடம் அந்தத் தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.